கொடி பிடித்த பொம்மை

ஜூடித்துக்கு நம்பிக்கை என்பது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையோடு முடிந்துவிடும் சமாச்சாரம். பெங்களூர் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். இவள் மீன் விற்பவளின் முகத்தையும் அதே கண்ணோடு பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் படியிறங்குவதற்குள் நாலு கேள்வி கேட்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இப்படிப்பட்டவர்களோடு குடும்பம் நடத்துவது கஷ்டம். ஆனால் சாலை வேலை எடுக்கும் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனிக்கு இவளைவிட நல்ல பாதுகாப்பு அதிகாரி கிடைக்கமாட்டாள்.

சும்மா சொல்லவில்லை. கிரேன் சங்கிலி புதுசு என்று எல்லோரும் சத்தியம் செய்தபோது, இறக்கிக் காட்டினால்தான் ஆச்சு என்று நின்று, விரிசல் விட்டிருந்த வளையத்தைக் கண்டுபிடித்தவள் அவள். அன்றைக்கு அதன் அடியில் நின்றிருக்க வேண்டிய ஆட்கள் இன்றைக்கும் அவளைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் 'சிஐடி அக்கா' என்கிறார்கள், அது வேறு விஷயம்.

ஆனாலும் போன மழைக்காலத்தில் அவள் ஸைட்டில் வேலை பார்த்த இராஜமாணிக்கம் செத்துப்போனார். ஓசூர் ரோட்டில் அடுகோடிப் பக்கம் ஒரு பாதி சாலையை அடைத்துக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொடி பிடித்து வண்டிகளைத் திருப்பிவிட வேண்டியவன் பீடி பிடிக்கப் போயிருந்தான். சரக்கு டெம்போ ஒன்று தடுப்புக் கோன்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்த இராஜமாணிக்கம் நிமிரவே இல்லை.

ஜூடித் அவர் வீட்டுக்குப் போனாள். மனைவி ருக்கு அழவில்லை. "அங்க நிக்க வேண்டியவன் எங்கம்மா போனான்?" என்று மட்டும் கேட்டாள். இன்னொருத்தருக்கு என் ஸைட்டில் இப்படி நடக்க விடமாட்டேன் என்று ஜூடித் ருக்குவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தாள். சொன்னதை அவள் மறக்கவில்லை. காலையில் கண் விழித்ததும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான், கொடிக்காரன் இடத்தில் இருக்கிறானா?

பொம்மை வாங்கச் சொன்னதும் அவள்தான். ஆள் உயரப் பொம்மை. ஹெல்மெட், ஆரஞ்சு ஜாக்கெட், மோட்டார் வைத்த கை. சுவிட்சைப் போட்டால் சிவப்புக் கொடியை மேலும் கீழும் ஆட்டும். எவனாவது வந்து மோதினாலும் விழுவது பொம்மைதானே என்பது அவள் கணக்கு. முதலில் எல்லா வண்டியும் பயந்து பிரேக் பிடித்தது. பிறகு காலேஜ் பிள்ளைகள் அதன் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்தார்கள். அப்புறம் அது பொம்மை என்று ஊருக்கே தெரிந்துபோய், ஒருத்தரும் ஆக்ஸிலேட்டரை விடவில்லை. ஒரு மழையில் மோட்டாரும் புகைந்துவிட்டது. பொம்மையை எடுத்துவிட்டு ஆளை நிறுத்தச் சொன்னாள் ஜூடித். அப்படி வந்தவன்தான் தாஸ்.

தாஸுக்குக் கோலார் தங்க வயல். அதிகாலை ரயிலைப் பிடித்து, அதில் பாதித் தூக்கம் தூங்கி, பெங்களூருக்கு வேலைக்கு வருகிற பெருங்கூட்டத்தில் ஒருவன். சேர்ந்த அன்று ஜூடித்தே அவனுக்குப் பாடம் எடுத்தாள். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், கொடியை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் ஓட வழி வைத்துக்கொள்ள வேண்டும் எல்லாம் காட்டினாள்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. எந்த வண்டியும் நிக்கும்னு நம்பாத. நிக்காதுன்னு தோணிச்சுன்னா கொடியக் கீழ போட்டுட்டு அந்தப் பக்கம் குதி. ரோட்ட அப்புறம் பாத்துக்கலாம்."

"செரி மேடம்," என்றான் தாஸ். பிறகு தானாகவே ஆரம்பித்தான். "எங்கப்பா சுரங்கத்துல மணி அடிக்கிறவரு மேடம். கீழருந்து மணி அடிச்சா, மேல எஞ்சின் ஓட்றவரு அதே மணியத் திருப்பி அடிக்கணும். அது வந்தாத்தான் ஆளுங்கள ஏத்தி எறக்குற கூண்டு நவுரும். பதில் மணி வர்ற வரிக்கும் ஆளு இருந்த எடத்த வுட்டு அசையக்கூடாதுன்னுவாரு. கொடியும் அப்டித்தான் மேடம். ஆட்டிக்கினே இருந்தா எவனும் பாக்கமாட்டான். ஒரே தபா தூக்கிட்டு, டிரைவர் மூஞ்சியப் பாத்துகினு அப்டியே நிக்கணும். அவன் தலையாட்டணும், இல்ல லைட்டு போடணும். அப்பத்தான் எறக்கணும்."

தங்க வயல்காரர்கள் வாயைத் திறந்தால் சுரங்கம்தான் என்று ஜூடித் எண்ணிக்கொண்டாள். சுரங்கத்தை மூடி இத்தனை வருஷமாகிறது, இன்னும் அதை வைத்துக் கதை அளக்கிறான். "கத இருக்கட்டும், எடத்த விட்டுப் போகாத," என்று சொல்லி அனுப்பினாள்.

அவளுக்குப் பார்த்துக்கொள்ள வேறு ஸைட்டுகளும் உண்டு. ரிச்சர்ட்ஸ் டவுன் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி போனில்தான் பாதி வேலை. அடுகோடி ஸைட்டின் சூப்பர்வைசர் சீனு தினமும் வாட்ஸப்பில் படம் அனுப்ப வேண்டும் என்பது அவள் உத்தரவு. கோன்கள், தடுப்பு, எச்சரிக்கைப் பலகை, கொடிக்காரன் எல்லாம் படத்தில் தெரிய வேண்டும். சீனு கிருஷ்ணகிரிக்காரன். சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்யமாட்டான்.

சந்தேகம் அந்தப் படங்களிலிருந்துதான் கிளம்பியது. திங்கட்கிழமைப் படத்தில் கொடிக்காரன் நின்ற நிலை, செவ்வாய்க்கிழமையும் அப்படியே இருந்தது. புதன்கிழமையும். அதே இடம், அதே உயரத்தில் கொடி, அதே விறைப்பு. தூசிக்காக மூக்கு வரை கட்டிய கர்ச்சீப், கறுப்புக் கண்ணாடி, ஹெல்மெட். முகம் என்று ஒன்று தெரிந்தால்தானே? ஜூடித் படங்களை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். உயிருள்ள மனிதன் வெயிலில் நின்றால் காலை மாற்றி ஊன்றமாட்டானா, ஒரு நாளாவது கழுத்தைச் சொறியமாட்டானா? பொம்மையை மறுபடி நிறுத்திவிட்டு தாஸை எங்கேயோ அனுப்பிவிட்டார்கள் என்ற எண்ணம் அவளைப் பிடித்துக்கொண்டது.

சீனுவைக் கூப்பிட்டாள். "அந்தப் பொம்ம எங்க?"

"குடோனுக்கு அனுப்பிட்டேன் மேடம்."

குடோனைக் கூப்பிட்டாள். எந்தப் பொம்மையும் வரவில்லை என்றார்கள். மறுபடி சீனுவைக் கூப்பிட்டபோது பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. சீனு இழுத்தான். "வந்துரும் மேடம். டெம்போ கெடைக்கல. டயர் கட பக்கத்துல பத்திரமா இருக்கு."

குடோனில் இருந்த பொம்மை ஒரு நிமிஷத்தில் டயர் கடைக்கு வந்துவிட்டது. பொய் சொல்கிறவன் முதல் பொய்யையே ஞாபகம் வைத்துக்கொள்ளமாட்டான் என்று ஜூடித் பல்லைக் கடித்தாள். ஒரு பொய் நிஜம்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எந்தப் பொய் எதற்காகச் சொல்லப்பட்டது என்று கேட்கிற பொறுமை அவளுக்கு இல்லை.

வாராந்திரச் சோதனைக்கு அடுகோடி போனாள். தாஸ் நின்றுகொண்டிருந்தான், உயிரோடு. அவளைப் பார்த்ததும் தலையசைத்தான். நான் வருகிற நாள் தெரியும், அதனால் நிற்கிறான் என்று அதற்கும் ஒரு காரணம் அவளிடம் இருந்தது. ஸைட்டை ஒட்டி டீக்கடை வைத்திருந்த ரத்தினம்மாளிடம் டீ வாங்கிக்கொண்டு மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

"இங்க வண்டிங்க எல்லாம் ஸ்லோவா போறாங்களாம்மா?"

"எங்கம்மா ஸ்லோவா போறான்? ஆட்டோக்காரனுங்கள கேட்டா, அது பொம்ம, அதுக்கெல்லாம் யாரு நிப்பான்னு சொல்றான். நேத்துகூட ஒருத்தன் உரசிகினு போறான். பாக்கவே பக்குனு இருக்குது."

ரத்தினம்மாள் சொன்னது சாலையில் போகிறவர்களின் அறியாமையைப் பற்றி. ஜூடித் அதைத் தன் சந்தேகத்துக்குக் கிடைத்த சாட்சியாக எடுத்துக்கொண்டாள். நேற்று நின்றது பொம்மை என்று இவளே சொல்லிவிட்டாளே, இன்னும் என்ன வேண்டும்? அவள் திரும்பிப் பார்த்தாள். கொடிக்காரன் இருக்க வேண்டிய இடத்துக்குப் பின்னால் ஆட்கள் முதுகு வளைத்துக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். இராஜமாணிக்கம் குனிந்திருந்ததும் அப்படித்தான். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமையும் படம் வந்தது. கொடிக்காரன் வழக்கம்போல விறைப்பாக நிற்கிறான். ஜூடித்துக்கு ஒரு யோசனை வந்தது. படம் வந்த கையோடு தாஸின் நம்பருக்கு அடித்தாள். எடுத்தான். பின்னால் கண்ணாடித் தம்ளர்கள் மோதுகிற சத்தம்.

"எங்க இருக்க தாஸ்?"

"இங்கதான் மேடம். டீ குடிச்சினு கீறேன். இன்னா மேடம்?"

"ஒண்ணுமில்ல," என்று வைத்துவிட்டாள்.

தாஸ் டீக்கடையில் இருக்கிறான், அதே நிமிஷம் தாஸின் ஜாக்கெட் சாலையில் நிற்கிறது. உள்ளே இருப்பது யார் என்று கேட்க ஒரு வார்த்தை போதும். அவள் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள், சீனு இன்னொரு கதை சொல்லுவான். கையும் களவுமாகப் பிடித்தால்தான் உண்டு. படம் எடுத்து முதலாளி முன்னால் போட வேண்டும். சீனுவை அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும், தாஸை அடுத்த ரயிலில் ஏற்ற வேண்டும். கோபத்தில் அவளுக்குக் காது அடைத்தது. அது நியாயமான கோபம் என்பதுதான் இதில் பெரிய துரதிர்ஷ்டம்.

யாரிடமும் சொல்லாமல் சனிக்கிழமை மத்தியானம் ஸ்கூட்டரை எடுத்தாள். ஜான்சன் மார்க்கெட் தாண்டி ஓசூர் ரோட்டில் இறங்கினாள். அடுகோடி நெருங்கும்போது சாலை குறுகி வண்டிகள் ஒரே வரிசையாகச் சேர்ந்தன. வெள்ளைக் கோடு போட்ட கோன்கள் சாய்வாக வரிசை கட்டியிருந்தன. அதற்கு உள்ளே, அடைத்த பாதியின் தொடக்கத்தில், ஆரஞ்சு ஜாக்கெட் நின்றது. கொடி உயர்ந்திருந்தது. அசைவில்லை.

அவளுக்கு முன்னால் போன ஆட்டோக்காரன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். பொம்மைதான், இனி என்ன சந்தேகம் என்று ஜூடித் முடிவு கட்டினாள்.

இரண்டு கோன்களுக்கு நடுவே ஸ்கூட்டரை நுழைத்தாள். மற்றவர்கள் நுழைந்தால் இவள் சண்டைக்குப் போகிற அதே இடைவெளி. இடது கையால் பையிலிருந்து போனை எடுத்து வீடியோவைத் தட்டினாள். வலது கையில் ஆக்ஸிலேட்டர். கொடிக்காரன் இல்லாவிட்டால் எந்த வண்டியும் இப்படித்தான் நேராக உள்ளே வந்துவிடும் என்று வீடியோவில் காட்டுவது அவள் எண்ணம். வேகத்தைக் குறைத்தால் அது எப்படிப் புரியும்? "பாருங்க, இதான் நம்ம ஃபிளாக்மேன்," என்று போனைப் பார்த்துச் சொன்னாள். சாலையைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தாள். திரையில் ஆரஞ்சு ஜாக்கெட் பெரிதாகிக்கொண்டே வந்தது. கர்ச்சீப்புக்கு மேலே கறுப்புக் கண்ணாடி. அதில் தன் ஸ்கூட்டர் தெரிவதைக்கூடப் பார்த்தாள்.

பிறகு அந்தத் தலை அசைந்தது. "மேடம்!" என்றது.

பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும். ஒரு கையில் போன் இருந்தது. எம்-சாண்ட் மணல் சிந்திக்கிடந்த தரையில் சக்கரம் வழுக்கியது. ஸ்கூட்டர் படுத்த வாக்கில் சறுக்கிப் போய் தாஸின் காலை வாரியது. எலும்பு முறிகிற சத்தத்தை ஜூடித் கேட்டாள். அது வேறு எந்தச் சத்தத்தோடும் குழம்பாது.

ஆட்கள் கம்பிகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஜூடித் மல்லாந்து கிடந்தாள். தாடை கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. அவள் கண்ணுக்கு நேரே, இத்தனை நாள் அவள் நிமிர்ந்தே பார்க்காத உயரத்தில், டயர் கடைக்காரன் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த மாடியின் மொட்டைத் தூணில், பூசணிக்காயும் மிளகாயும் மாலையாகப் போட்டுக்கொண்டு அவளுடைய பொம்மை கட்டப்பட்டிருந்தது. முகத்தில் கரியால் மீசை வரைந்திருந்தார்கள். ஊர்க் கண்ணெல்லாம் படாமல் அந்த மாடியை அது காத்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சீனு எல்லாவற்றையும் சொன்னான். இனி மறைத்து என்ன? "டயர் கடக்காரரு கண் திருஷ்டிக்குப் பொம்ம கேட்டாரு மேடம். வேலைக்குத் தண்ணி அவரு போர்லருந்துதான் எடுக்கறோம். இல்லன்னு சொல்ல முடியல. உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு குடோன்னு சொல்லிட்டேன். வேற ஒண்ணுமே இல்ல மேடம்."

"நேத்து தாஸ் டீ குடிக்கப் போனப்ப யாரு நின்னா?"

"கம்பி கட்ற பீட்டர் நின்னான். டெய்லி அவன்தான் மாத்தி விடுவான். நல்ல ஜாக்கெட் அது ஒண்ணுதான் மேடம், மத்ததெல்லாம் மங்கிப்போச்சு. அதனால கழட்டி மாட்டிக்குவாங்க. ஏன் மேடம்?"

ஜூடித் தாடையைத் தொட்டுக் காட்டினாள். அங்கே தையல் போட்டிருந்தது நல்ல சாக்காக இருந்தது. கேட்டால் சொல்லியிருப்பார்கள். யாரும் அவளிடம் எதையும் ஒளிக்க நினைக்கவில்லை, அந்தப் பாழாய்ப்போன பொம்மையைத் தவிர.

தாஸுக்குத் தொடை எலும்பில் முறிவு. கட்டுப் போட்டிருந்தார்கள், மறுநாள் கம்பி வைக்க வேண்டும். நடப்பான், ஆனால் சாலையில் நின்று வேலை பார்ப்பது இனி சந்தேகம் என்றார் டாக்டர். ஜூடித் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வீட்டு ஆட்கள் தங்க வயலிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். பீட்டர் மருந்துக் கடைக்குப் போயிருந்தான். தாஸ் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, எழுந்திருக்கப் பார்த்தான்.

"படு, படு," என்றாள். பிறகு அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "ஏன் தாஸ் குதிக்கல? நான் சொல்லிக் குடுத்தேன் இல்ல? உங்கப்பா மணி, பதில் மணின்னு அப்டியே நின்னுட்டியா?"

"அதெல்லாம் இல்ல மேடம்," என்றான் தாஸ். வாய் உலர்ந்திருந்தது. "எத்தினியோ தபா குதிச்சிருக்கேன். வேற வண்டியா இருந்தா இன்னிக்கும் குதிச்சிருப்பேன். உங்க வண்டின்னு தெரிஞ்சிது மேடம். அதான் நின்னுட்டேன்."

ஜூடித்துக்கு அந்த அறையிலிருந்து எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது.

தாஸ் அவள் முகத்தைப் பார்த்து வேறு எதையோ நினைத்துக்கொண்டான். "போனு கையில இருந்துச்சே மேடம். வூட்லருந்து எதுனா அர்ஜண்ட் காலா? எல்லாரும் நல்லா கீறாங்க இல்ல?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் நம்பிவிடுவான், வருகிறவர்களிடமும் அதையே சொல்லுவான், அதோடு முடிந்துவிடும். அந்தச் சொல் அவள் நாக்கு வரை வந்தது. ஆனால் இவனுக்குச் செய்ததோடு ஒரு பொய்யையும் சேர்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

"போன் ஒண்ணும் வரல தாஸ். வீடியோ எடுத்துட்டு வந்தேன். நீ நிக்கறேன்னு எனக்குத் தெரியல. பொம்மைய நிக்க வச்சுட்டு நீ போயிட்டேன்னு நெனச்சேன்."

தாஸ் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தான். ஒவ்வொன்றாக அவன் மனதில் சேர்வது முகத்தில் தெரிந்தது.

"டெய்லி போட்டோ கேட்டது அதுக்குத்தானா மேடம்?"

"ஆமா."

"நேத்து போன் பண்ணி எங்க இருக்கன்னு கேட்டது?"

"அதுவும்தான்."

"ஓ," என்றான் தாஸ். திட்டியிருந்தால் தேவலை. கத்தியிருந்தால் அவளும் அழுதிருப்பாள்.

நர்ஸ் வந்து, வலிக்கு இதைக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு மாத்திரையை ஜூடித்தின் கையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். ஜூடித் பாட்டில் மூடியைத் திறந்து, அவன் தலைக்குக் கீழே கை கொடுத்து, மாத்திரையை நீட்டினாள். வலியில் அவன் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. மாத்திரையை வாங்கினான். வாயில் போடவில்லை. இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு தலையணைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"பீட்டர் வரட்டும் மேடம்," என்றான். "அவன கேட்டுட்டுப் போட்டுக்கறேன்."